தோட்டா: சொல்லும் பொருளும்

துப்பாக்கிக்குள் போடுவது தோட்டா. குழலைவிட்டுப் பறப்பது குண்டு. ‘உடலில் தோட்டா பாய்ந்தது’ என்று செய்தியில் எழுதினால், பித்தளை உறையும் கூடவே பறந்து போனதாகத்தான் பொருள்.

தோட்டாவில் நான்கு உறுப்புகள்: உறை, அதன் அடியில் பதித்த தீமூட்டி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. இலங்கைத் தமிழில் குண்டு என்பது சன்னம், காலி உறை என்பது கோது. ரவை என்றால் அங்கே முழுத் தோட்டா. இங்கே வேட்டைத் துப்பாக்கியின் ஈயச் சிறுமணி.

சொல் உருது வழி வந்தது. இந்தியில் டோட்டா, தெலுங்கில் தூட்டா. கிணறு வெட்டும்போது பாறையில் வைக்கும் வெடியையும் தோட்டா என்கிறோம். மருந்து அடைத்த குழல் என்பதே கருத்து, பாய்வதல்ல. ஆங்கிலக் கார்ட்ரிட்ஜுக்கு மூலம் பிரெஞ்சு ‘கார்தூஷ்’, அதற்கு முன் இத்தாலிய ‘கார்தோச்சோ’: காகிதச் சுருள். மருந்தைக் காகிதத்தில் பொதிந்த காலத்துப் பெயர்.

தோட்டா, குண்டு என்ற இந்த வேறுபாடு எங்கே உதைக்கும் என்பதற்குப் பிரெஞ்சுப் படையின் 7.5×54 தோட்டா நல்ல சான்று. அந்தப் படையின் பழைய தோட்டாவான 1886-இன் 8 மி.மீ. லெபெலுக்கு அடியில் விளிம்பு, உடல் கூம்பல். இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டிக்கு ஒத்துவரவில்லை. அதனால் 1924-இல் 7.5×58 வந்தது. முதல் எண் குழல் விட்டம், அடுத்தது உறையின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். சிக்கல் என்னவென்றால், ஜெர்மானிய 7.92×57 மவுசர் தோட்டாவும் 7.5×58-க்கான துப்பாக்கிக்குள் நுழைந்துவிடும். மவுசர் குண்டு சுமார் 8.2 மி.மீ., பிரெஞ்சுக் குண்டு 7.8. (குழலின் உட்சுவரில் உள்ள சுருள்வரிகளின் மேடுகளுக்கு இடையே அளப்பதால்தான் பெயரில் 7.5.) பெரிய குண்டு சிறிய குழலுக்குள் நெருக்கப்பட்டால் அழுத்தம் எகிறும், துப்பாக்கி சிதறும். அப்படி விபத்துகளும் நேர்ந்தன.

1929-இல் தீர்வு: உறையை 54-ஆகக் குறைத்தார்கள். இனி மவுசர் தோட்டாவைத் திணித்தால் அதன் தோள் (உறை வாய்ப்பக்கம் குறுகும் இடம்) முன்னரே முட்டி நிற்கும், துப்பாக்கியின் பின்புறத்தை அடைக்கும் பூட்டு மூடாது. புதிய தோட்டாவுக்காக மாற்றியமைத்த 1924-இன் இலகு இயந்திரத் துப்பாக்கி 24/29 எனப் பெயர் பெற்றது; ஐந்து தோட்டா கொள்ளும் மாஸ்-36 ரைஃபிளும் இதையே சுட்டது.

இதைத் தமிழாக்கும்போது ‘குண்டின் நீளத்தைக் குறைத்தார்கள்’ என்று எழுதினால் தப்பு, குறைந்தது உறை. கார்ட்ரிட்ஜுக்குச் சில கலைச்சொல் பட்டியல்கள் தரும் ‘வெடியுறை’யும் முழுப் பொருளைத் தராது, ஓர் உறுப்பின் பெயராகவே ஒலிக்கிறது. முழுமைக்குத் தோட்டா, உறுப்புகளுக்கு உறை, குண்டு, தீமூட்டி என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.