இன்டர்செக்‌ஷனாலிட்டி: பிணைந்த பாகுபாடு

இனம், பால், வர்க்கம், மதம், மொழி ஆகிய அடையாளங்களின் பெயரால் வரும் பாகுபாடுகள் ஒரே ஆளின் மேல் சேர்ந்து விழும்போது, தனித்தனியே பார்த்தால் தெரியாத வேறொரு பாதிப்பு உண்டாகிறது. அந்த நிலைக்கும், அதை ஆராயும் பார்வைக்கும் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்று பெயர். பெண்கள், அடையாளம், சமூக நீதி பற்றிய ஆய்வுகளில் இன்று அடிக்கடி எதிர்ப்படும் சொல் இது.

வேர் லத்தீன்: 'இன்டர்' என்றால் இடையே, 'செகாரே' என்றால் வெட்டுதல். 1989-இல் அமெரிக்கக் கறுப்பினச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இதை ஆய்வுச் சொல்லாக்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அவருக்கு முக்கியச் சான்று. இனப் பாகுபாடு என்று வாதாடலாம், பால் பாகுபாடு என்று வாதாடலாம், இரண்டையும் சேர்த்து வாதாட முடியாது என்று 1976-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிறுவனம் பெண்களை முன்பே வேலைக்கு எடுத்திருந்ததால் பால் பாகுபாடு இல்லை என்றது. ஆனால் அந்தப் பெண்கள் வெள்ளையர். கறுப்பினப் பெண் எந்தக் கணக்கிலும் வரவில்லை. நாற்சந்தியில் நிற்பவர் மேல் எந்தத் திசை வண்டியும் மோதலாம், பல வண்டிகள் ஒருசேரவும் மோதலாம் என்று கிரென்ஷா விளக்கினார்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இதை அந்நாட்டின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டத்து வரவுசெலவைக் கொண்டே காட்டிவிடலாம். ஒப்பந்தக் கூலியாகத் தொடக்கத்தில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் தங்கும் இந்தியருக்கு 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. பெண்களுக்கும் அதே 3 பவுன்தான். 13 வயதுச் சிறுமியும் தப்பவில்லை. அந்தக் கூலிக்கணக்கில் வரி ஆணுக்கு ஆறு மாதச் சம்பாத்தியம், பெண்ணுக்கு ஓராண்டுச் சம்பாத்தியம். வரி இனத்தைப் பார்த்து வந்தது, கூலி பாலைப் பார்த்துக் குறைந்தது. ஒன்றை மட்டும் ஆராய்கிறவருக்கு இந்த ஓராண்டு தெரியவே தெரியாது.

1913 மார்ச்சில் இன்னொன்று சேர்ந்தது. பலதார மணத்தை ஏற்கும் மதமுறையில் நடந்த திருமணம் செல்லாது என்று கேப் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல் தீர்ப்பளித்தார். வரியையும் தீர்ப்பையும் எதிர்த்த போராட்டத்தில், அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசிலுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள், சிறைக்கும் போனார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற இளம்பெண் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். இனம், பால், மதம் என எல்லாம் பிணைந்த பாகுபாட்டை எதிர்த்த அவரைத் தேசபக்தியின் சின்னமாக மட்டும் போற்றுவது அவருக்கு நாம் செய்யும் குறை என்றே கருதுகிறேன். 1914-ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது, திருமணங்களையும் ஏற்றது.

இன்றைய தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு, 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட' காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. டர்பன் பள்ளியில் மூக்குத்தி அணிந்த தமிழ் மாணவியின் வழக்கில், மதமா பண்பாடா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், இரண்டின் பேரிலும் பாகுபாடு நிகழ்ந்தது என்று 2007-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது. வீட்டுப் பணியாளர்களை விபத்து இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து விலக்கியது செல்லாது என்ற 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்தக் கோட்பாட்டையே வெளிப்படையாகக் கையாண்டது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'குறுக்குவெட்டு' என்றால் பள்ளிப் பாடத்தில் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் நினைவுக்கு வருகிறது. 'பன்முகப் பாகுபாடு' எண்ணிக்கையைச் சொல்கிறது, சேர்க்கையைச் சொல்லவில்லை. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாகும்போது தோன்றும் றகரம் இரண்டிலும் இல்லாதது. இங்கே தேவைப்படுவது அந்தப் பொருள். அதனால் கோட்பாட்டுக்குப் 'பாகுபாட்டுப் பிணைவு', பொது எழுத்துக்குப் 'பிணைந்த பாகுபாடு' என்பவற்றைப் பரிந்துரைக்கிறேன். பெயரடையாக: 'பிணைவு நோக்கிலான ஆய்வு'.