தட்பப்பதனம்: சொல் விளக்கம்

குளிர்காலத்துக்கு முன் விதைக்கும் ஓட்ஸ், கோதுமை, ரை வகைகள் சில வாரக் குளிரைப் பெற்ற பிறகுதான் உரிய காலத்தில் கதிர்விடும். குளிர் இல்லாவிட்டால் பயிர் சாகாது. இலையும் பக்கக்கிளைப்பும் பெருகிக்கொண்டே போகும், கதிர் மட்டும் மிகவும் பிந்தும். பயிரைப் பூப்புக்கு ஆயத்தமாக்கும் இந்தக் குளிர்ப் பக்குவமே தட்பப்பதனம். ஆங்கிலத்தில் வேர்னலைசேஷன்.

ஆங்கிலச் சொல் இளவேனிலைக் குறிக்கும் இலத்தீன் அடியில் எழுந்தது. ஆனால் அது வந்த வழி ரஷ்யா. வசந்தத்தில் விதைக்கும் தானியத்தை ரஷ்ய மொழியில் 'யரவோய்' என்பர். குளிர்கால விதையை நனைத்துக் குளிரில் வைத்து வசந்தத்தில் விதைக்கும் முறைக்கு 1920களின் இறுதியில் சோவியத் வேளாண் ஆய்வாளர் லைசென்கோ 'யரவிசாத்சியா' என்று பெயரிட்டார். அதன் பெயர்ப்புத்தான் வேர்னலைசேஷன். நிகழ்வு அவர் கண்டதன்று. ஜேர்மனியரான காஸ்னர் 1918இலேயே ரையில் அதை விளக்கியிருந்தார். குளிரின் பயன் அடுத்த தலைமுறைக்கும் செல்லும் என்று லைசென்கோ வாதிட்டது பிழை. ஒவ்வொரு தலைமுறை விதையும் தன் குளிரைத் தானே பெறவேண்டும்.

தட்பம் குளிர்ச்சி, தட்பவெப்பம் என்னும்போது நாம் சொல்வது இதையே. பதனம் பக்குவமாகப் பேணுதல். 'இளவேனிற்படுத்தல்' என்று பெயர்த்தால் விளைவு தெரியும், காரணம் மறையும். வேலை செய்வது குளிர் என்பதால் தட்பப்பதனமே பொருத்தம். பழங்களையும் மீனையும் கெடாமல் வைக்கும் குளிர்பதனத்தோடு இதைக் குழப்பக்கூடாது. விதையின் உறக்கத்தைக் கலைக்கக் குளிரூட்டுவதும் வேறு: அது முளைப்புக்கு, இது பூப்புக்கு.

செய்முறையில் கவனிக்கவேண்டியது ஈரம். காய்ந்த விதையை மாதக்கணக்கில் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தாலும் பயனில்லை. வளர்முனை விழித்திருந்தால்தான் குளிரை உணரும். விதையை ஒரு நாள் ஊறவைத்து நீரை முழுவதும் வடித்து, முளை வெண்மையாய்த் தலைகாட்டியதும் ஈரத்துணியில் பரப்பி, துளையிட்ட பெட்டியில் 2 முதல் 5 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும். வகைக்கேற்ப 4 முதல் 6 வாரம். நீர் தேங்கினால் காற்றின்றி அழுகும். உறைபெட்டியில் வைத்தால் முளை சாகும். குளிர் போதாத நிலையில் எடுத்து உடனே 30 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் வைத்தால் பெற்ற பயன் குறையும், சிலவேளை அழிந்தும்போகும். கொழும்பில் மார்ச், ஏப்ரல் பகல் அப்படிப்பட்டதுதான்.

குளிர் கிடைத்தாலும் பகல்நீளம் மிச்சம் இருக்கிறது. ஓட்ஸ் நெடும்பகல் தாவரம், அதாவது பகல் நீண்டால்தான் விரைந்து பூக்கும். கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லை. எல்லாம் 12 மணித்தியாலத்தை ஒட்டியே. விளக்கு வைத்து 16 மணித்தியாலம் ஒளி கொடுத்தால் கதிர் விரையும். கதிர் வரும் நேரத்தில் வெப்பம் மிகுந்தால் பூக்கள் மலடாகிப் பதராகும். ஓட்ஸுக்கு இதமானது 15 முதல் 20 பாகை. ஆகவே சாடியில் வளர்த்துப் பார்க்க விரும்புவோர் தட்பப்பதனம் வேண்டாத வசந்தகால வகையின் உமியோடு கூடிய விதையைத் தேடவேண்டும். வெள்ளவத்தைக் கடைகளில் பொதியாக விற்கும் தட்டை ஓட்ஸ் ஆவியில் பதப்பட்டது, முளைக்காது.