ஹரி ராயாவும் பெருநாளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில், சந்தைக்கு எதிரே கட்டப்பட்டிருந்த பதாகையில் இவ்வாண்டும் ‘இனிய ஹரிராயா பெருநாள், ஈகைத் திருநாள் நல்வாழ்த்துகள்’ என்றே எழுதியிருந்தார்கள். ஒரு வரிக்குள் நாள் மூன்று முறை வந்துவிட்டது. எழுதியவரும் கவனிக்கவில்லை, காசு கொடுத்து அச்சிட்டவரும் கவனிக்கவில்லை.

மலாயில் ‘ஹரி’ என்றால் நாள், ‘ராயா’ என்றால் பெரியது. (தோட்டத்தில் இந்த ஹரியைத் திருமாலாக்கி விளக்கம் சொன்ன பெரியவர் ஒருவரையும் அறிவேன்.) ரமலான் நோன்பு முடிந்து வரும் பெருநாளுக்கு இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் ‘ஹரி ராயா புவாசா’, இதிலுள்ள புவாசா, உபவாசம் என்னும் வடசொல்லின் திரிபு. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நோன்புப் பெருநாள். நம் முஸ்லிம்கள் நாவில் தலைமுறைகளாகப் புழங்கும் சொல்லும் அதுவே. பக்கத்து வீட்டு மலையாளி இதைச் ‘செறிய பெருநாள்’ என்கிறார், அங்கும் பெருநாள்தான்.

பதாகை எழுதியவரிடம் கேட்டேன். “ஈகைன்னா கேக்க நல்லா இருக்குங்க ஐயா” என்றார். கேட்க நன்றாக இருப்பதுதான் சிக்கலே. இப்பெருநாளின் அரபுப் பெயர் ‘ஈத் அல்-ஃபித்ர்’. ஈத், ஈகை என்னும் ஒலியொப்புமையில் மயங்கி இரண்டையும் ஒன்றாக்குவோர் உண்டு. ஆனால் ஈத் என்பதை அரபு அகராதிகள் திரும்பி வருதல் என்னும் பொருளுடைய வேரோடு சேர்க்கின்றனவே அன்றிக் கொடுத்தலோடு சேர்ப்பதில்லை. ‘ஃபித்ர்’ என்பது நோன்பை முடித்தல். ஃபித்ரா என்னும் தருமம் கொடுக்கிறார்களே என்று சிலர் வாதிடுவர். கொடுப்பது உண்மைதான், ஆனால் அதைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்து முடிக்க வேண்டும் என்பது விதி. மேலும், ஈகைதான் அடையாளம் என்றால் குர்பான் என்னும் பலி இறைச்சியைப் பகிர்ந்தளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளை என்னவென்று அழைப்பது? இரண்டு பெருநாளுக்கும் பொருந்தும் பெயர் எதையும் பிரித்துக் காட்டாது.

‘ரம்ஜான் பண்டிகை’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ரமலான் மாதம் முடிந்து ஷவ்வால் முதல் பிறையில் வருவது இந்நாள். அன்று நோன்பு வைப்பதற்கே தடை உண்டு. நம் முஸ்லிம்கள் ரமலான் என்று சொல்லும்போது நாம் உருது ஒலியை இரவல் வாங்கி ரம்ஜான் என்பானேன்? நம் மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியைப் புரட்டுவார்கள், தமிழ்நாட்டு நாளிதழைப் பார்ப்பார்கள். அடுத்த தெருவில் இருப்பவரை மட்டும் கேட்கமாட்டார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளைத் ‘தியாகத் திருநாள்’ என்பதை நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். அதன் அரபுப் பெயரான ‘ஈத் அல்-அத்ஹா’வில் உள்ள ‘அத்ஹா’வில் பலி கொடுத்தல் என்னும் பொருளாவது இருக்கிறது. ஈகைத் திருநாளுக்கு அதுவும் இல்லை. அந்தப் பதாகைக்கு நேர் கீழே, மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடையின் இரும்புக் கதவில், அட்டையொன்றில் கரிய மையால் எழுதி ஒட்டியிருந்தது: ‘நோன்புப் பெருநாள். மூன்று நாள் கடை இல்லை.’