தண்ணீர் பச்சையானதும் மயில்துத்தம் தேடாதீர்கள்

விடிகாலை ஐந்து மணிக்கு என் போன் அடித்தால் எடுக்கும்போதே விஷயம் தெரிந்துவிடும்: எங்கோ ஒரு குட்டையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. மீன் வளர்ப்பவர்களுக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்வது என் தொழில்.

போன ஆனியில் அப்படித்தான் ஒரு பெரியவர் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் கட்லாவெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. தண்ணீர் ரொம்பப் பச்சையாக இருக்கிறதே என்று இரண்டு நாள் முன்னால் பாசியைக் கொல்லும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிக் குட்டை முழுக்கக் கரைத்து ஊற்றியிருக்கிறார். கடைக்காரர் யோசனையாம். "பாசிதானே தம்பி செத்துச்சு, மீனுக்கு என்ன வந்துச்சு?" என்றார்.

நியாயமான கேள்வி. நமக்குப் பாசி என்றால் படியில் வழுக்குவது, தேய்த்துக் கழுவ வேண்டியது. குட்டையில் அப்படியில்லை. பகலில் வெயிலை வைத்துச் சாப்பாடு தயாரித்துக்கொண்டு, தண்ணீருக்குள் ஆக்சிஜனை விடுவது அதுதான். அதைத் தின்னும் நுண்பூச்சிகளைத்தான் கட்லா தின்கிறது. வெள்ளிக்கெண்டையோ பாசியையே நேரே வடிகட்டிச் சாப்பிடும். குட்டைக்குச் சாணி போடுவதே பாசி வளரத்தானே!

ஆனால் பாசியும் மூச்சு விடும். இருட்டிய பிறகு ஆக்சிஜன் தயாரிப்பு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். அதனால் விடியும் முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவு. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கெண்டைகள் திணறத் தொடங்கும். பாசி மிஞ்சிய குட்டையில், மூடாக்கு வானம் இரண்டு நாள் நீடித்தாலே இந்த நிலை வரும். பெரியவர் குட்டையில் நடந்தது இன்னும் மோசம். ஒரே நாளில் செத்த பாசி அத்தனையும் அழுகியது. அழுக வைக்கும் பாக்டீரியா மிச்சமிருந்த ஆக்சிஜனை இழுத்துக்கொண்டது. பகலில் அதை ஈடுகட்டப் பாசியும் இல்லை.

பாசி என்பது ஒரே குடும்பமும் அல்ல. ஒட்டுறவில்லாத பல கூட்டங்களுக்கு நாம் வைத்த பொதுப்பெயர். வேர், தண்டு, இலை, பூ எதுவும் கிடையாது. பச்சைப்பாசி செடிகொடிகளுக்கு நெருங்கிய உறவு. டயாட்டம் என்ற நுண்பாசி தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கட்டிக்கொள்ளும். குளிர்கடல்களில் நாற்பது மீட்டருக்கு மேல் நீளும் கெல்ப்பும் பாசிதான். உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலிலிருந்து வருகிறது, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி வழியாக.

நீலப்பச்சைப்பாசி மட்டும் தனிக்கதை. பெயரில்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இதன் கைங்கரியம். வயலில் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடிக்குள் குடியிருந்து தழைச்சத்து பிடித்துத் தருவதும் இதில் ஒரு வகை. இன்னொரு வகையான மைக்ரோசிஸ்டிஸ் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு தயாரிக்கும். காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. 2014-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் இதனால் நாலு லட்சம் பேருக்கு இரண்டு மூன்று நாள் குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் குட்டையில் இது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காற்று ஒதுக்கும் மூலையில் குச்சியை விட்டு எடுங்கள். முடி மாதிரி சுருண்டு வந்தால் இழைப்பாசி, பெரும்பாலும் பயமில்லை. பச்சை பெயின்ட் மாதிரி அப்பிக்கொண்டால் நீலப்பச்சையாக இருக்கலாம். அந்தத் தண்ணீரில் ஆடு மாட்டை இறக்காதீர்கள். அதன்மேல் மயில்துத்தம் போட்டால் உள்ளே இருக்கும் நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலந்துவிடும்.

சரி, பச்சை எவ்வளவு இருக்கலாம்? கையைத் தண்ணீரில் விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் போதுமான அளவு. மணிக்கட்டு நனையும்போதே விரல் மறைந்தால் மிஞ்சிவிட்டது. ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-இல் ஒரு வட்டத்தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்ததும் இதே கணக்குதான். மிஞ்சினால் தீனியையும் சாணியையும் நிறுத்துங்கள், கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், ராத்திரி முழுக்க, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டுங்கள்.

பெரியவர் இப்போது வாரம் ஒருமுறை, தண்ணீருக்குள் விட்ட தன் கையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நேற்று வந்த படத்தில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தீனியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.