மேகமே இல்லாத நாளில் சொட்டும் சீலிங்

மொட்டை மாடியில் ஷீட் போட்டு எடுத்த அறைகளுக்கு வட சென்னையில் பஞ்சமில்லை. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் சாய்வாக ஒரு தகரமோ சிமெண்ட் ஷீட்டோ கண்ணில் படும். சித்திரை வெயிலில் அதன் கீழே உட்கார முடியாமல் உள்பக்கமாக ஃபால்ஸ் சீலிங் அடித்து, ஏசியும் மாட்டிவிடுகிறார்கள். சில மாதங்களில் விளக்குக்காக வெட்டிய துளையின் ஓரம் சொட்டத் தொடங்குகிறது. ஷீட் ஒழுகுகிறது என்று நினைத்து ஆணித் தலைகளை எல்லாம் பூசி அடைக்கிறார்கள். ஆனாலும் மழையே இல்லாத மே மாதத்தில் சொட்டு தொடர்கிறது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். உச்சி வெயிலில் தகரக் கூரை 60 டிகிரி செல்சியஸை எளிதாகத் தொடும். சூடான காற்று மேலேயே தங்கிவிடும் என்பதால், கீழே இருப்பவரைக் காற்று அவ்வளவாகச் சுடுவதில்லை. சுடுவது பெரும்பாலும் கதிர்வீச்சு. 60 டிகிரியில் இருக்கும் கூரை, 35 டிகிரியில் இருக்கும் தரைக்கும் கட்டிலுக்கும் நமக்குமாக, பத்துக்குப் பத்து அடி அறையில் ஏறத்தாழ 1,400 வாட் வெப்பத்தை இறக்குகிறது. மின்விசிறி சுழன்றும் தலை கொதிப்பது இதனால்தான்.

கதிர்வீச்சைத் தடுக்க அலுமினியப் படலம் போதும். பளபளப்பான அலுமினியம் தன் மேல் விழும் வெப்பக் கதிரில் 95 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். தான் சூடானாலும் மிகக் குறைவாகவே உமிழும். ஒரு நிபந்தனை உண்டு: அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். ஷீட்டோடு ஒட்டிவிட்டால் வெப்பம் நேராகக் கடத்தப்பட்டு உள்ளே வந்துவிடும். பலகை இல்லாமல் படலம் மட்டும் போட்டால் பளபளப்பு கீழ்நோக்கி இருப்பது நல்லது. மேல்நோக்கி வைத்தால் நாளடைவில் தூசி படிந்து மங்கிவிடும். படலத்தோடு 50 மில்லிமீட்டர் தெர்மாகோல் பலகையும் சேர்ந்தால், இறங்கும் வெப்பம் கணக்குப்படி பத்தில் ஒரு பங்குக்கு அருகே குறைகிறது.

இனி ஈரம். கோடை இரவில் சென்னைக் காற்று 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதன் பனிநிலை வந்துவிடும். அதற்கும் கீழே போனால் நீராவி நீராகிறது. ஏசியை 24-ல் வைத்துத் தூங்கும் வீட்டில், ஃபால்ஸ் சீலிங்காக அடித்த ஜிப்சம் போர்டின் முதுகும், அதாவது மேல்பக்கமும், 26 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடலாம். ஓட்டைகள் வழியாக மேலே நுழையும் கடற்காற்று அதைத் தொட்டதும், குளிர்ந்த மோர் இருக்கும் எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் போல அந்த முதுகு வியர்க்கிறது. சேரும் நீர் தாழ்ந்த இடம் தேடி ஓடி, விளக்குத் துளையில் இறங்குகிறது.

இணையத்தில் பார்க்கும் கனடா, ஜெர்மனி வீடியோக்கள் வழிதவறச் செய்வதும் இங்கேதான். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெதுவெதுப்பு, வெளியே உறைபனி. நீராவி உள்ளிருந்து வெளியே நகர்கிறது. அதனால் நீராவியைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளை அறையின் பக்கம் ஒட்டுகிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. ஏசி போட்ட ராயபுரத்து அறையில் நீராவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அதே தாளை அதே இடத்தில் ஒட்டினால், வரும் நீராவி குளிர்ந்த தாளில் மோதி, வெப்பத்தைத் தடுக்க வைத்த காப்புப் பொருளுக்குள்ளேயே நீராகத் தேங்கும். கிளாஸ் வுல் என்னும் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்திருந்தால் அது நனைந்து தொங்கும். நீர், அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்துவதால் காப்பும் போய்விடும். அழகுக்காக அடிக்கும் பிவிசி பேனலும் வினைல் ஒட்டுத்தாளும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கின்றன.

எனவே ஏசி அறையில் நீராவித் தடுப்பு, காப்புப் பொருளின் மேல்பக்கம் இருக்க வேண்டும். ஷீட்டுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டராவது காற்றோட்ட இடைவெளி. இறவாரத்திலும் முகட்டிலும் அது திறந்திருக்க வேண்டும், எலி வராமல் வலை அடித்து. அதற்குக் கீழே, தடுப்பாகும் அலுமினியப் படலம் மேல்பக்கம் ஒட்டிய தெர்மாகோல் பலகை, இணைப்புகளில் அலுமினிய டேப். பிறகு ஜிப்சம் போர்டு, சாதாரண எமல்ஷன் பெயிண்ட். பலகையைச் சமதளமாகத் தொங்கவிடாமல் கூரையின் சாய்விலேயே பொருத்துவது என் விருப்பம். மார்கழி விடியலில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அடிப்பக்கம் வியர்க்கும். அந்த நீர் படலத்தில் விழுந்து சாய்வில் வழிந்து இறவாரத்தில் வெளியேறட்டும். ஏசி இல்லாத அறைக்கு இத்தனை கவலை தேவையில்லை. படலமும் இடைவெளியும் போதும்.

காசிமேடு போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் உப்பும் கணக்கில் சேர வேண்டும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். சீலிங்கைத் தாங்கும் இரும்புச் சேனலும் திருகும் அங்கே சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழைக் கசிவு பெரும்பாலும் ஓரிடத்தில் பழுப்பு வளையமாகக் காயும். வியர்வை ஈரமோ சேனல் ஓடும் கோட்டிலும் திருகுத் தலைகளிலும் கரும்பூஞ்சைப் புள்ளிகளாகத் தெரியும். மழையில்லாத நாட்களில் ஏசியை நிறுத்திப் பாருங்கள். சொட்டு நின்றால் ஷீட்டின் மேல் பழி இல்லை. சீலிங்குக்கு மேலே போகும் ஏசியின் செம்புக் குழாயையும் பார்த்துவிடுங்கள். அதன் நுரை உறை ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தாலே சொட்டும்.

கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் உள்ளிருந்து துளை போடவே கூடாது. பறக்கும் இழை நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சீலிங்கின் சட்டத்தைச் சுவரிலோ இரும்புக் குழாயிலோ தாங்கவிடுங்கள். தெர்மாகோலைத் திறந்தபடி விடாதீர்கள், அடுப்பு இருக்கும் அறையில் கண்டிப்பாகக் கூடாது. தீப்பிடித்தால் அது உருகிச் சொட்டிக்கொண்டே கரும்புகையோடு எரியும்.