வயலுக்கும் தட்டுக்கும் நடுவே தொலையும் சத்து

காராமணியை மூட்டை கட்டும்போதே அதற்குள் வண்டின் முட்டை இருக்கும், வயலில் காயாக நிற்கும்போதே இட்டுவிட்டுப் போயிருக்கும். புழு பயறைத் துளைத்து உள்ளே போய்த் தின்று, வண்டாகி வெளியே வந்து, திரும்பவும் முட்டையிட்டு, சில மாதங்களில் மூட்டை முழுக்க ஓட்டையும் மாவுமாகிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏழை வீட்டுக் குழந்தைக்குப் புரதம் கிடைக்கிற முக்கியமான வழிகளில் ஒன்று இந்தப் பயறு. வண்டுக்குப் பயந்து விவசாயி அறுவடை ஆன கையோடு, எல்லாரும் விற்கிற அதே நேரத்தில், வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். அப்புறம் வீட்டில் இருப்பு தீர்ந்த மாதங்களில் அதே பயறைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும், முடியாவிட்டால் குழந்தைக்கு அது கிடையாது.

2022 கணக்குப்படி உலகில் 5 வயதுக்குட்பட்ட சுமார் 14.8 கோடிக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். இவர்களில் எத்தனையோ பேர் விவசாயிகளின் பிள்ளைகள் என்பதுதான் மனதை உறுத்துகிறது. விளைச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம், விளைந்தது எந்த வழியாக, எவ்வளவு நாளில், என்ன நிலைமையில் குழந்தையிடம் போய்ச் சேர்கிறது என்று அந்த அளவுக்குக் கேட்பதில்லை.

சரி, வண்டுக்கு என்ன வழி? 1980களின் பிற்பகுதியில் கேமரூனில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது ஒரு மூன்றடுக்குப் பை. உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள், வெளியே சாதாரணப் பின்னல் சாக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறுக்கிக் கட்டிவிட்டால் காற்று உள்ளே வராது, இருக்கிற ஆக்சிஜனைப் பூச்சிகளே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் குறைந்ததும் அவை தின்பதை நிறுத்திவிடுகின்றன. காய்ந்த பயறுக்குள் வாழும் பூச்சிக்குத் தண்ணீர் அது தின்று செரிப்பதிலிருந்துதான் கிடைக்கிறது, ஆகவே கடைசியில் உடம்பு வறண்டு சாகிறது. மருந்தே தேவையில்லை. விவசாயி நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம், வீட்டுக்கும் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம்.

மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் ஆபத்து வேறு விதம். சரியாகக் காயாமல் மூட்டை ஏறினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும், சமைத்தாலும் போகாது. 2004இல் கென்யாவில் இந்த நஞ்சு ஏறிய மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும்போது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக மேற்கு ஆப்பிரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. ஈரம் பார்க்கும் ஒரு கருவியும் தரையில் விரிக்க ஒரு தார்ப்பாயும்கூட இங்கே குழந்தை நலத் திட்டம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியின் கதை. உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின்தான் அதன் நிறமே, 125 கிராம் கிழங்கு ஒரு சின்னக் குழந்தையின் ஒரு நாள் தேவைக்குப் போதும். மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் மக்களுக்குப் பழகியது வெளிர் நிறக் கிழங்கு, மாவாக இருக்க வேண்டும். அந்தப் பதம் வருகிற ரகங்களை உருவாக்கிப் பரப்பியதற்காக மரியா அந்திராதே, ராபர்ட் ம்வாங்கா உள்ளிட்ட ஆய்வாளர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆனால் சர்க்கரைவள்ளிக்கு விதை என்பது கொடிதான், நீண்ட வறட்சியில் அது காய்ந்துபோகும். மழை வரும்போது நட ஒன்றும் இருக்காது. இதற்கு ஒரு எளிய முறை: நல்ல சின்னக் கிழங்குகளை உலர்ந்த மணலில் புதைத்து வைத்து, மழைக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் எடுத்து நட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொடி தயாராகிவிடும். எவ்வளவு நல்ல ரகமானாலும் இந்தக் கொடி கைக்கு வராவிட்டால் குழந்தைக்குப் பயனில்லை.

வாங்குகிறவர் யார் என்பதும் முக்கியம். பிரேசிலில் 2009இல் வந்த சட்டம், பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் சொன்னது. காயும் பழமும் வாங்க ஆள் நிச்சயம் என்று தெரிந்தால் விவசாயி துணிந்து அவற்றைப் பயிரிடுவார், பள்ளிப் பிள்ளைகளுக்கும் புதிதாகக் கிடைக்கும். ஆனால் வாராவாரம் சொன்ன நாளில் சொன்ன எடையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி ஆளாக ஒரு சிறு விவசாயிக்கு நடக்கிற காரியமில்லை, அதற்கு வண்டியும் தராசும் பில் எழுத ஒரு ஆளும் உள்ள கூட்டுறவுச் சங்கம் பக்கத்திலேயே வேண்டும்.