ஒளிப்படமும் புனைபடமும்

கோள்களை உள்ளபடி எடுத்த படத்தையும் செயற்கை நுண்ணறிவு ஆக்கித் தரும் படத்தையும் பிரித்துச் சொல்லத் தமிழில் எந்தச் சொற்களை ஆளலாம் என்பதே இங்கே பேச்சு. ‘போட்டோகிராஃப்’ என்னும் சொல் கிரேக்க வேர்கள் இரண்டிலிருந்து கட்டப்பட்டது. ‘ஃபோஸ்’ என்றால் ஒளி. ‘கிராஃபே’ என்றால் எழுத்து அல்லது வரைவு. ஒளியே வரைந்தது என்பது இதன் நேர்ப்பொருள். 1839 மார்ச் 14 அன்று இலண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட தம் கட்டுரையில் இச்சொல்லை ஆண்டு, அதை ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தவர் ஜான் ஹெர்ஷல். நெகட்டிவ், பாசிட்டிவ் என்று நாம் சொல்லிப் பழகியவையும் அவர் தந்த சொற்களே. அவர் ஒரு வானியலாளர் என்பதும், 1781இல் யுரேனசைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. பெருவழக்காக உள்ள ‘புகைப்படம்’ பொருளை விட்டு விலகி நிற்கிறது. மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கிய காலத்தில் எழுந்த புகையோடு அதைத் தொடர்புபடுத்திச் சொல்வதுண்டு. ஆனால் படத்தை உண்டாக்குவதில் புகைக்கு எந்த வேலையும் இல்லை. ‘நிழற்படம்’ பாதி உண்மையைச் சொல்கிறது. ‘ஒளிப்படம்’ ஒன்றுதான் மூலச்சொல்லின் கருத்தை முழுமையாக ஏந்துகிறது: ஒளியால் ஆகிய படம் என்று விரியும் மூன்றாம் வேற்றுமைத் தொகை என்பதால் இடையில் ‘ப்’ மிகுகிறது. சொல்லுக்குள்ளேயே படம் எதனால் ஆனது என்ற செய்தி இருப்பதால், கோள்களைப் பற்றி எழுதும்போது இதைத்தான் ஆள வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

ஒளியால் ஆவது என்றால் என்ன என்பதற்கு, 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்து சென்ற மரைனர் 4 விண்கலத்தின் முதல் படத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரு படத்துக்கு 200 வரிகள், வரிக்கு 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளியின் அளவு 0 முதல் 63 வரையிலான ஓர் எண். நொடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்றே மிகுந்த வேகத்தில் அந்த எண்கள் பூமிக்கு வந்ததால், ஒரே ஒரு படம் வந்து சேர ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடித்தது. கணினி அதைப் படமாக்கித் தரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பசடேனா ஜெட் உந்துகை ஆய்வகப் பொறியாளர்கள், எண்கள் அச்சான காகிதப் பட்டைகளைச் சுவர்ப்பலகையில் அடுத்தடுத்துப் பொருத்தி, வண்ணச் சுண்ணக்குச்சிகளை வாங்கி வந்து, எண்ணுக்கு ஏற்ற நிறத்தைக் கையாலேயே தீட்டினார்கள். செவ்வாயின் விளிம்பு பழுப்பும் மஞ்சளுமாக அந்தப் பலகையில் துலங்கியது. மனிதக் கை தீட்டியதுதான். ஆயினும் ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் முடிவு செய்தது செவ்வாயிலிருந்து வந்த ஒளி என்பதால் அது ஒளிப்படத்தின் பக்கம் நிற்கிறது.

வண்ணம் கூட்டப்பட்ட படம் பொய்ப்படம் என்று சிலர் வாதிடுவதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் எடுத்த நெப்டியூன் படங்களில், மங்கலான முகில்களும் பட்டைகளும் தெரிவதற்காக ஒளி-இருள் வேறுபாட்டை மிகுத்துக் காட்டினார்கள். அதனால் கோள் ஆழ்ந்த நீலமாகத் தோன்றியது. வெளியிட்டபோது இந்த விளக்கமும் உடன் தரப்பட்டது. காலப்போக்கில் படம் மட்டும் பரவி, விளக்கம் உதிர்ந்துபோனது. நெப்டியூனும் யுரேனசைப் போலவே வெளிறிய பச்சை கலந்த நீலம்தான் என்று 2024இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பேட்ரிக் இர்வினின் குழு மறுபடியும் நிறுவ வேண்டியிருந்தது. அளந்த ஒளி கையில் இருந்ததால்தான் நிறத்தைத் திருத்த முடிந்தது.

செயற்கை நுண்ணறிவு ஆக்கித் தரும் ‘கோள் படத்தில்’ அப்படித் திருத்துவதற்கு எதுவுமில்லை. புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிய ஓர் இரைச்சலிலிருந்து தொடங்கி, பயிற்சியில் கண்ட எண்ணற்ற படங்களின் சாயலுக்கு ஏற்ப அதைப் படிப்படியாகத் துலக்கி, கேட்டவர் விரும்பும் தோற்றத்தை அது தருகிறது. 2025 ஜூலை 1 அன்று கண்டறியப்பட்ட 3ஐ/அட்லஸ் வால்வெள்ளியை எடுத்துக்கொள்வோம். ஹபிள் தொலைநோக்கி ஜூலை 21 அன்று எடுத்த படத்தில் நீலநிற மங்கல் உருண்டை ஒன்றும், தொலைநோக்கி வால்வெள்ளியைப் பின்தொடர்ந்து நகர்ந்ததால் கோடுகளாக நீண்டுவிட்ட விண்மீன்களும் மட்டுமே உள்ளன. 44 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் தூசியால் மூடப்பட்டிருந்த அதன் கரு தனித்துத் தெரியவில்லை. அதே வால்வெள்ளி என்று கைப்பேசிகளில் சுற்றிய படங்களிலோ பாறையின் பிளவுகள்கூடக் கூர்மையாகத் தெரிந்தன.

இத்தகைய படத்துக்குப் ‘புனைபடம்’ என்ற பெயரை நான் பரிந்துரைக்கிறேன். ‘புனை’ என்பதற்கு உருவாக்கு, அழகுபடுத்து, கற்பித்துச் சொல் என்ற பொருள்கள் உண்டு. வண்ணம் தீட்டி முடிக்காத கோட்டோவியத்தை நெடுநல்வாடை ‘புனையா ஓவியம்’ என்பதால், படத்தோடு இவ்வினைக்கு உள்ள உறவும் பழையது. புனைகதை, புனைபெயர் போல இதுவும் வினைத்தொகை. ஆகவே வல்லினம் மிகாது. ‘போலிப்படம்’ என்பது ஏமாற்றும் நோக்கத்தையும் சேர்த்துச் சுமத்துகிறது. புனைபடமோ ஆக்கிய முறையை மட்டும் குறிக்கிறது. விண்வெளி நிறுவனங்கள் அறிவிப்போடு வெளியிடும் ஓவியரின் கற்பனைகளைக் ‘கற்பனை ஓவியம்’ என்றே சொல்லலாம்.

புனைவு புதிதன்று. ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தென்வானை ஆராய்ந்துகொண்டிருந்த 1835இல், நிலவில் வௌவால் இறக்கை மனிதர்களை அவர் கண்டதாக நியூயார்க்கின் ‘சன்’ நாளிதழ் தொடர் எழுதியது. அக்காட்சிகளை வரைந்த அச்சோவியங்களும் விற்றன. சந்திரயான் 3 தரையிறங்கியபோதும், நிலவின் மண்ணில் அசோகச் சின்னம் பளிச்சென்று பதிந்திருப்பதாகக் கணினியில் ஆக்கிய புனைபடம் ஒன்று பரவியது. ஊர்தியின் சக்கரத்தில் அச்சின்னம் இருந்தது உண்மை. அந்தப் படம் உண்மையன்று. நிலவில் உண்மையாகவே எடுத்த படம் ஒன்றின் அடியில் இப்படி எழுதலாம்: ‘விக்ரம் தரையிறங்கி, ஒளிப்படம்: பிரக்யான் ஊர்தியின் வழிகாட்டுக் கேமரா, 2023 ஆகஸ்ட் 30, காலை 7.35.’